அலபாமா அனுப்பிய இரண்டு ரன்னிங் பேக்குகள்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி மைதானத்தில் பந்தைக் கையிலேந்தி ஓடி, யார்டு யார்டாகக் குவித்த ஒரு ரன்னிங் பேக், அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தான என்.எஃப்.எல்.லில் எப்படி ஆடுவார் என்பதை, அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன்பே கணிப்பது, எளிதாகத் தோன்றும் கடினமான வேலை. அலபாமா பல்கலைக்கழகத்தின் வீரர்கள் இருவரை வைத்தே அதைப் பார்க்கலாம்.

முதலாமவர் டிரென்ட் ரிச்சர்ட்சன். 2011 பருவத்தில் 1,679 யார்டு ஓடியவர். வீசப்பட்ட பந்தையும் நன்றாகப் பிடிப்பார். 2012 டிராஃப்டில் நான்காம் இடத்தில் இருந்த கிளீவ்லாந்து பிரவுன்ஸ், ஓரிடம் முன்னேறி அவரை எடுப்பதற்காகவே மினசோட்டா அணிக்கு மேலும் மூன்று தேர்வுரிமைகளை விட்டுக்கொடுத்தது. முதல் ஆண்டில் ஓட்டத்துக்குச் சராசரி 3.6 யார்டுதான் கிடைத்தது. 2013 செப்டம்பரிலேயே அவரை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்குக் கைமாற்றிவிட்டார்கள். அங்கே சராசரி இன்னும் சரிந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சையும் விலா எலும்பு முறிவும் முதல் ஆண்டிலேயே அவரைப் படுத்தியதையும் சொல்லிவிட வேண்டும்; ஆனால் எல்லாவற்றையும் காயத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

ஓர் ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது புரியும். பந்தை வாங்கியதும் ரன்னிங் பேக் தன் முன்வரிசைத் தடுப்பாளர்களின் முதுகுக்குப் பின்னால் இரண்டு மூன்று அடி எடுத்துவைத்துப் பக்கவாட்டில் நகர்கிறார். எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் எந்த இடைவெளியை அடைக்கப் பாய்கிறார் என்று கவனித்து, ஒரு காலை ஊன்றி, அவர் விட்டுச்சென்ற பக்கம் திரும்புகிறார். அலபாமாவின் தடுப்பாளர்கள் திறந்துவிடும் அகலமான வழியில் இந்தப் பார்வை பல வேளைகளில் தேவைப்படுவதே இல்லை. ஆகவே, எழுபது யார்டு ஓட்டங்களைவிட, வழி அடைபட்டு இரண்டு யார்டில் முடிந்த ஓட்டங்களைத்தான் ஒளிப்பதிவில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தொழில்முறையில் ரிச்சர்ட்சன், பக்கத்தில் வழி இருந்தும் தன் தடுப்பாளரின் முதுகிலேயே போய் முட்டிய ஓட்டங்கள் ஒன்றிரண்டல்ல.

இரண்டாமவர் டெரிக் ஹென்றி. 2015-இல் 395 முறை பந்தை ஏந்தி 2,219 யார்டு ஓடி, கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்றவர். ஆறடி மூன்று அங்குல உயரம், 247 பவுண்டு எடை. அந்த உடம்போடு நாற்பது யார்டை 4.54 வினாடியில் கடந்தார். இருந்தும் சந்தேகங்கள் வரிசைகட்டி நின்றன: உயரம் அதிகம், வேகமெடுக்க நேரமாகிறது, பருவம் முழுக்கப் பிடித்த பந்துகள் பதினொன்றே, இத்தனை மோதல்களுக்குப் பின் உடம்பு தாங்குமா? ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் அவர் 46 முறை ஓடி 271 யார்டு எடுத்ததைக்கூடத் தேய்மானக் கணக்கில்தான் சேர்த்தார்கள். அவருக்கு வழிதிறந்த, முன்வரிசையின் நடுத் தடுப்பாளரான சென்டர் ரயன் கெல்லி 2016 டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போக, ஹென்றியை டென்னசி டைட்டன்ஸ் 45-ஆவது தேர்வாகத்தான் எடுத்தது.

கண்ட குறைகள் பொய்யல்ல. இன்றும் அவர் அதிகம் பந்து பிடிப்பவர் அல்லர். அந்தக் குறைகளுக்குக் கொடுத்த எடைதான் பிசகியது. மூன்றாவது டவுனில், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதில், பந்து பிடிக்க வேறொருவரை இறக்கிக்கொள்ளலாம். நான்காவது கால்பகுதியிலும் தளராத கால்களை அப்படிக் கடன்வாங்க முடியாது. 2020-இல் 2,027 யார்டு ஓடிய ஹென்றி, ரன்னிங் பேக்குகள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும் முப்பதாவது வயதில், 2024-இல், பால்டிமோர் ரேவன்ஸுக்காக 1,921 யார்டு எடுத்தார்.