‘நான் வந்த பஸ்’ஸில் உதிர்ந்த ‘ஆன்’

காட்சி: வடசேரி பஸ் ஸ்டாண்ட். குளச்சல் பஸ் வந்து நிற்கிறது.

குரல்:
‘நான் வந்த பஸ்.’ இதை இங்கிலீஷில் சொல்லுங்கள். ‘தி பஸ் ஐ கேம்’ என்று வாயில் வந்திருந்தால் ஒரு சொல் குறைகிறது. ‘தி பஸ் ஐ கேம் ஆன்.’

குறைவதற்குக் காரணம் நம் தமிழ்தான். ‘பஸ்ஸில் வந்தேன்’ என்பதில் ‘இல்’ இருக்கிறது. அதைப் பெயரெச்சமாக்கி ‘வந்த பஸ்’ என்றதும் ‘இல்’ உதிர்ந்துவிடும். சாளை மீனைக் கத்தியால் வெட்டினோம். ‘சாளை வெட்டின கத்தி’யில் ‘ஆல்’ எங்கே? கேட்கிறவருக்குத் தானாகப் புரியும் என்று விட்டுவிடுகிறோம். இங்கிலீஷில் அப்படி விட முடியாது. பெயர் முன்னால் போய்விட்டாலும், அதோடு இருந்த பிரெபொசிஷன், அதாவது ‘ஆன்’, ‘இன்’, ‘வித்’ போன்ற சொல், ரிலேட்டிவ் கிளாஸின் (பெயரை விவரிக்கும் துணை வாக்கியத்தின்) கடைசியில் நிற்கும்: ‘தி நைஃப் ஐ கட் தி ஃபிஷ் வித்’.

திரையில்: ஐ கேம் ஆன் தி பஸ் / ஐ மிஸ்ட் தி பஸ்

குரல்:
சந்தேகம் வந்தால் பெயரை மறுபடி உள்ளே வைத்து முழு வாக்கியமாக்கிப் பாருங்கள். முதலாவதில் ‘ஆன்’ தேவைப்படுகிறது. அதனால் கிளாஸிலும் வேண்டும். இரண்டாவதில் ஒன்றும் இல்லை; ‘தி பஸ் ஐ மிஸ்ட்’ போதும்.

ஏன் ‘இன்’ இல்லாமல் ‘ஆன்’? பஸ், ரயில், விவேகானந்தர் பாறைக்குப் போகும் பெரிய படகு, இப்படி உள்ளே எழுந்து நடக்க இடமுள்ளதற்கு ‘ஆன்’. காருக்கும் ஆட்டோவுக்கும் ‘இன்’. சிறிய வள்ளத்துக்கும் ‘இன்’தான். கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்று கிடையாதே, அதற்கு ‘ஆன்’.

திரையில்: தி ஹவுஸ் வேர் ஐ லிவ் இன் ✗

குரல்:
இங்கே நேர்மாறான தவறு. ‘வேர்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘இன்’ அடங்கியிருக்கிறது. ‘தி ஹவுஸ் வேர் ஐ லிவ்’ அல்லது ‘தி ஹவுஸ் ஐ லிவ் இன்’. இரண்டில் ஒன்று போதும். பரீட்சைத் தாளுக்கு ‘தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்’ என்றும் எழுதலாம். ஆனால் ‘இன் தட்’ என்று எழுதவே கூடாது. பிரெபொசிஷனுக்குப் பின்னால் அந்த ‘தட்’ வராது. வாக்கியத்தைப் பிரெபொசிஷனில் முடிப்பதே பிழை என்று இன்னும் சிலர் சிவப்பு மையில் சுழிப்பார்கள். அது பிழையே இல்லை.

கடைசியாக நாள், வருடம். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1. முழுத் தேதிக்கு ‘ஆன்’, வருடம் மட்டும் என்றால் ‘இன்’: ‘தி டே ஆன் விச்’, ‘தி இயர் இன் விச்’. ஆனால் பேச்சில் ‘தி டே கன்னியாகுமரி ஜாய்ன்ட் தமிழ்நாடு’ என்றாலே சரி. நாள், வருடம் போன்ற காலச் சொற்களில் இங்கிலீஷும் நம்மைப் போலவே பிரெபொசிஷனை உதிர்த்துவிடும்.