கூரை வேய்ந்த பாலத்தை கிராண்ட் வரைந்தாரா? நைட்ஸ் ஃபெரி குறித்த சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். கலிபோர்னியாவின் பொன்வேட்டைக் காலத்தைப் பற்றிப் பேசிய சென்ற காணொளியில், நைட்ஸ் ஃபெரி என்னும் சிற்றூரின் மரப்பாலத்தைச் சில விநாடிகள் மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதைப் பார்த்த நேயர் ஒருவர் பாலத்தின் படம் ஒன்றோடு மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். தங்கம் தேடிப் போன கூட்டத்தின் வரலாற்றில் ஓர் ஆற்றுத்துறைக்கு அப்படி என்ன முக்கியத்துவம்? பாலத்துக்கு ஏன் வீட்டுக்குப் போடுவதுபோலச் சுவரும் கூரையும் போட்டிருக்கிறார்கள்? பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான யுலிசிஸ் கிராண்ட்தான் அந்தப் பாலத்தை வரைந்தார் என்று அந்த ஊரில் சொல்லப்படுவது உண்மையா? மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை என்பதால் சேர்த்தே விளக்குகிறேன்.

முதலில் ஆற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்டானிஸ்லாஸ் ஆறு சியரா நெவாடா மலைத்தொடரில் பிறந்து, மேற்கு நோக்கி இறங்கி, ஸான் வாக்கின் ஆற்றில் கலக்கிறது. நைட்ஸ் ஃபெரிக்கு மேற்புறம் ஆறு ஆழமான பள்ளத்தாக்குக்குள் ஓடுகிறது. கீழ்ப்புறம் சமவெளியில் பரந்து, அக்காலத்தில் கரையெங்கும் கோரை மண்டிய சேற்று நிலமாகக் கிடந்தது. வண்டியும் கழுதையும் இறங்கிக் கடக்கத்தக்க உறுதியான கரை, மலையடிவாரத்தில் இந்த இடத்தை ஒட்டித்தான் வாய்த்தது. இந்த ஆற்றில் வெள்ளம் வரும் பருவத்தையும் கவனியுங்கள். மழைக்காலம் முடிந்தால் நீர் வடிந்துவிடும் என்று நாம் நினைப்போம். ஆனால் மலையில் உறைந்த பனி உருகி, ஏப்ரல் முதல் ஜூன் வரை இங்கே நீர் நிரம்பி ஓடும். பாதைகள் காய்ந்து, சுரங்க முகாம்களுக்கு ஆட்கள் அலையலையாகப் புறப்படும் மாதங்களும் அவைதான்.

1848 ஜனவரி 24 அன்று கொலோமாவில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டார். அது வடக்கே இருக்கிறது. தெற்கே சொனோரா, கொலம்பியா, ஜேம்ஸ்டவுன் ஆகிய ஊர்களைச் சுற்றி இருந்தவற்றைத் தென்சுரங்கங்கள் என்பார்கள். அவற்றுக்கு மாவும் உப்புக்கண்டமும் மண்வெட்டியும் ஸ்டாக்டன் துறைமுகத்திலிருந்துதான் போக வேண்டும். அந்தப் பாதை ஸ்டானிஸ்லாஸை எங்கேயாவது தாண்டியாக வேண்டும். வில்லியம் நைட் என்பவர் இதைத் தொடக்கத்திலேயே கணித்துவிட்டார். விலங்குத்தோல் வணிகத்தில் அலைந்து 1841இல் கலிபோர்னியாவுக்கு வந்த இவர், சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் ஏற்கெனவே ஒரு படகுத்துறை வைத்திருந்தவர். அந்த ஊர் இன்றும் நைட்ஸ் லாண்டிங் என்ற பெயரில் இருக்கிறது. தங்கச் செய்தி பரவியதும் இங்கே வந்து, திமிங்கில வேட்டைக்குப் பயன்பட்ட பழைய படகு ஒன்றைக் கொண்டு ஓடத்தைத் தொடங்கினார். 1849 நவம்பரில் இறந்தும் போனார். ஒரு மனிதரின் பெயரில் இரண்டு ஊர்கள், இரண்டும் ஆற்றுத்துறைகள்!

ஓடக்காரருக்கும் தங்கம் தேடுபவருக்கும் உள்ள வேறுபாட்டில்தான் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. இடுப்பளவு குளிர்நீரில் நின்று மணலை அலசுகிறவருக்கு இன்று கிடைத்தது நாளை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஓடக்காரருக்கோ, தங்கம் கிடைத்தவரும் கூலி கொடுத்துத்தான் கடக்க வேண்டும், வெறுங்கையோடு திரும்புகிறவரும் கூலி கொடுத்துத்தான் கடக்க வேண்டும். ஓடத்தோடு தங்கும் விடுதியும் சரக்குக் கடையும் சேர்ந்துகொண்டால், நீர் வடியும்வரை கரையில் காத்திருப்பவரின் பணமும் அங்கேயே இறங்கும். நைட் இறந்த பிறகு அந்தத் துறையை நடத்தியவர்களில் ஜான் டெண்ட், லூயிஸ் டெண்ட் என்னும் சகோதரர்கள் இருந்தார்கள். இவர்களின் தங்கை ஜூலியாவை மணந்தவர் கிராண்ட்.

கதைக்கு வித்து இங்கேதான் விழுந்தது. மேற்குக் கடற்கரையில் படை அதிகாரியாக இருந்த கிராண்ட், 1850களின் முற்பகுதியில் மைத்துனர்களைப் பார்க்க நைட்ஸ் ஃபெரிக்கு வந்தது உண்மை. 1854இல் அவர் பதவியைத் துறந்து ஊர் திரும்பிவிட்டார். ஆனால் நாம் இன்று படத்தில் பார்க்கும் பாலம் 1863இல் எழுந்தது. அந்த ஆண்டில் கிராண்ட், அமெரிக்க உள்நாட்டுப் போரில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் விக்ஸ்பர்க் நகரை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். ஜூலை 4 அன்று அந்நகரம் சரணடைந்தது. மைத்துனர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாளில் ஏதோ கிறுக்கிக் காட்டியிருக்கலாமே என்று வாதிடுவோர் உண்டு. கிறுக்கியே இருந்தாலும் அது தேவைப்பட்டிருக்காது. ஏனென்றால் இந்தப் பாலம், வில்லியம் ஹவ் என்பவர் 1840இல் காப்புரிமை பெற்ற, அதற்குள் அமெரிக்கா முழுவதும் பாலம் கட்டுவோர் கைவசமாகிவிட்ட அமைப்பைச் சேர்ந்தது.

பாலத்துக்கு உண்மையில் உரியவர் லாக் என்ற தொழில்முனைவர். ஓடத்துறையை வாங்கி, 1850களின் பிற்பகுதியில் முதல் பாலத்தைக் கட்டியவர் அவர். 1861 டிசம்பரில் தொடங்கி 1862 ஜனவரி முழுவதும் நீடித்த பெருமழையில் கலிபோர்னியாவின் நடுச்சமவெளி ஏரியைப்போல ஆகிவிட்டது. தலைநகர் சாக்ரமென்டோவில் ஆளுநர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் படகில் ஏறிப் பதவியேற்கப் போனார். சட்டமன்றம் ஸான் ஃபிரான்சிஸ்கோவுக்கு இடம் மாறியது. நைட்ஸ் ஃபெரியின் பாலம் வெள்ளத்தைத் தாங்கி நின்றுகொண்டிருந்தபோது, ஆற்றின் மேற்புறத்தில் பெயர்ந்த இன்னொரு பாலம் மிதந்து வந்து மோதி அதை அடித்துச் சென்றது. மறுபடி கட்டியவர்கள் அதனால்தான் 8 அடி உயரத்தைக் கூட்டினார்கள்.

இனி கூரை. நடப்பவர் நனையாமல் இருப்பதற்காகப் போட்டது என்றே பெரும்பாலோர் எண்ணுகிறோம். உண்மையில் அது மரத்துக்குப் போட்ட குடை. பாலத்தின் இரு பக்கச் சுவர்ப்பலகைகளுக்கு உள்ளே சாய்வாக நிற்கும் பருத்த மரங்கள் பாரத்தை அமுக்கமாக வாங்குகின்றன. அவற்றுக்கு இடையே செங்குத்தாக இறங்கும் இரும்புக் கம்பிகள் பாரத்தை இழுவையாக வாங்குகின்றன. மரம் உலர்ந்து சுருங்கினால் இணைப்பு தளரும். அப்போது கம்பியின் முனையில் உள்ள திருகுமரையை முடுக்கினால் பாலம் மீண்டும் இறுகிக்கொள்ளும். ஹவ் கண்ட நுட்பம் இவ்வளவுதான், ஆனால் இது மிகக் கெட்டிக்காரத்தனமானது. இந்த இணைப்புகளில் மழைநீர் தேங்கினால் மரம் உளுத்துவிடும். திறந்த மரப்பாலம் பத்து, இருபது ஆண்டுகளில் ஓய்ந்துபோகும். மூடியது நூறாண்டைத் தாண்டும். கூரையும் பக்கப் பலகையும் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம், உள்ளிருக்கும் எலும்புக்கூட்டை அப்படி மாற்ற முடியாது. 330 அடி நீளமுள்ள இந்தப் பாலம், மிசிசிப்பிக்கு மேற்கே உள்ள மூடிய பாலங்களில் மிக நீளமானது. 1980களுக்குள் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2012இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஊர் ஏன் வளரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நேயர் கேட்கவில்லை என்றாலும். 1862 முதல் பத்தாண்டுகள் இது மாவட்டத் தலைநகராக இருந்தது. 1870இல் ரயில் சமவெளியில் மடெஸ்டோவுக்கு வந்தது; 1872இல் தலைநகரும் அங்கே போய்விட்டது. மேலே சுரங்கங்களும் வற்றிக்கொண்டிருந்தன. ஆற்றங்கரையில் மாவு ஆலையின் கற்சுவர்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன.

ஊர் நினைவு கிராண்டைப் பற்றிக்கொண்டு லாக்கைக் கைவிட்டதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். பெரியவர் ஒருவர் வந்துபோன வீட்டில் எல்லாப் பொருளையும் அவர் தொட்டதாகச் சொல்வது எங்கும் உள்ள வழக்கம். ஆனால் இன்னொரு பெயரை விட்டுவிட்டார்களே என்ற வருத்தம் உண்டு. ஸ்டானிஸ்லாஸ் என்ற ஆற்றின் பெயர் போலந்துத் துறவியின் பெயர்போலத் தோன்றும். அது ஸான் ஹோசே மறைப்பணி நிலையத்தில் எஸ்டானிஸ்லாவ் எனத் திருமுழுக்குப் பெற்ற யோக்குட்ஸ் பழங்குடித் தலைவரின் பெயர். அந்த நிலையத்தை விட்டு வெளியேறி, 1828, 1829ஆம் ஆண்டுகளில் தம் மக்களோடு இந்த ஆற்றங்கரைக் காட்டில் அரண் அமைத்து, அப்போது கலிபோர்னியாவை ஆண்ட மெக்சிகோவின் படைகளை எதிர்த்தவர் அவர். மரியானோ வல்யேஹோ தலைமையில் பீரங்கியோடு வந்த படைதான் அந்த அரணைக் கலைத்தது. 1833இல் பரவிய மலேரியா நடுச்சமவெளியின் பழங்குடி ஊர்களை வெறுமையாக்கியது. நைட் படகோடு வந்தபோது, இந்தத் துறையைத் தலைமுறைகளாகக் கடந்தவர்களில் மிகச் சிலரே எஞ்சியிருந்தார்கள்.

நேயர் அனுப்பிய படத்தைப் பற்றி ஒன்று: அது பாலத்தின் வாயிலிலிருந்து எடுத்தது, கூரைதான் தெரிகிறது. உள்ளே எடுத்த படம் கிடைத்தால், சாய்ந்த மரங்களுக்கு நடுவே நேராக இறங்கும் அந்த இரும்புக் கம்பிகளைத் தேடிப் பாருங்கள்.