ஒரு வளவின் விலையும் ஒரு வீரனின் விலையும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் மாலை உதைபந்தாட்டப் பயிற்சி முடிந்து, பந்துகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பொடியன் பக்கத்தில் வந்து நின்று கேட்டான்: “சேர், பெரிய கழகங்கள் காசை அள்ளி வீசுறதாலதானே ஆட்டக்காரர்ட விலை இப்பிடி ஏறுது?” ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பாதிப் பதில் என்று உறைத்தது. மீதிப் பாதியை இன்று வானொலியில் சொல்கிறேன்.

2017 ஓகஸ்ட் மாதத்தில் இருந்து தொடங்குவோம். ஸ்பெயினின் பார்சிலோனா கழகத்தில் இருந்த பிரேசில் வீரர் நெய்மாரைப் பிரான்சின் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கழகம் 222 மில்லியன் யூரோ கொடுத்து எடுத்தது. அதற்கு முந்திய சாதனை, 2016இல் மான்செஸ்டர் யுனைட்டட் போல் பொக்பாவுக்குக் கொடுத்த 105 மில்லியன். 2009இல் ரொனால்டோவுக்கு 94, 2013இல் பேலுக்கு 100 மில்லியனைத் தொட்ட தொகை, பிறகு பொக்பா. படிப்படியாக ஏறிவந்த விலை அந்த ஒரு நாளில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. பாரிஸ் கழகத்தின் உரிமையாளர்கள் கட்டார் நாட்டு முதலீட்டாளர்கள். அவர்களிடம் காசுக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 222 மில்லியன் என்ற எண்ணை எழுதியது பாரிஸ் அல்ல, பார்சிலோனா. ஸ்பெயினில் ஒரு வீரனின் ஒப்பந்தத்தில், அவனை விடுவிக்க எவ்வளவு கட்டவேண்டும் என்ற தொகையும் இருக்கும். ஒருவரும் இதைக் கட்டமாட்டார்கள் என்று நம்பிப் போட்ட தொகை அது. கட்டுவதற்கு ஒருவர் வந்துவிட்டார்.

இதை நான் எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்திருக்கிறேன். கல்லடியில் சில வருடங்களுக்கு முன் லண்டனில் இருந்து வந்த ஒருவர், தரகர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து ஒரு வளவை வாங்கினார். அவருடைய தாய்வீட்டுக்கு அடுத்த வளவு அது. அவருக்கு அது எவ்வளவுக்கும் தகும். அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையில் யார் காணி விற்றாலும் பேச்சு அந்த விலையில்தான் தொடங்கும். அதோடு முடியவில்லை. விற்றவர் கையில் காசோடு ஆரையம்பதிப் பக்கம் வேறு காணி தேடினார். அவர் எவ்வளவுக்கு விற்றார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். போன இடமெல்லாம் அவருக்கென்றே ஒரு விலை சொன்னார்கள்.

பார்சிலோனாவுக்கும் அப்படித்தான் நடந்தது. நெய்மார் போன இடத்தை நிரப்ப, ஜெர்மனியின் டோர்ட்முண்ட் கழகத்தில் ஆடிய டெம்பெலேயைத் தேடிப் போனார்கள். டோர்ட்முண்ட் அவரை ஒரு வருடத்துக்கு முன் பிரான்சின் ரென் கழகத்திடம் ஏறக்குறைய 15 மில்லியன் யூரோவுக்கு வாங்கியிருந்தது. பார்சிலோனாவிடம் கேட்டது 105 மில்லியன். மேலதிகக் கொடுப்பனவுகள் வேறு. அப்புறம் இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்திடம் குடின்ஹோவைக் கேட்டார்கள். கோடையில் மறுத்த லிவர்பூல் 2018 ஜனவரியில் விட்டுக்கொடுத்தது. மேலதிகக் கொடுப்பனவுகளோடு 142 மில்லியன் பவுண். அதே மாதம் லிவர்பூல் 75 மில்லியன் பவுண் கொடுத்து சவுத்தாம்ப்டனிடமிருந்து வான் டைக்கை வாங்கியது. ஒரு தடுப்பாட்டக்காரருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. பாரிஸில் புறப்பட்ட காசு இங்கிலாந்தின் தென்கரை வரை போய்ச் சேர ஆறு மாதமும் எடுக்கவில்லை.

(2019இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அதே லிவர்பூல், குடின்ஹோ ஆடிய பார்சிலோனாவை 4-0 என்று வீழ்த்தியது. அந்த ஆட்டத்தை நான் இரவு முழுக்க விழித்திருந்து பார்த்தேன்.)

சரி, அப்படியென்றால் பொடியன் சொன்னதுதானே சரி? சாதனை விலைகளுக்கு அது சரி. மற்ற நூற்றுக்கணக்கான விற்பனைகளுக்கு அது மட்டும் காரணமல்ல. அம்பாறைப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். கடனோடு அறுவடை செய்கிறவர் ஈர நெல்லை வயலிலேயே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. காயவைக்க இடமும் மூன்று மாதம் காத்திருக்க வசதியும் உள்ளவர்தான் விலை பேசுகிறார். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2013 முதல் மூன்று பருவங்களுக்கு உள்நாட்டுத் தொலைக்காட்சி உரிமையை மூன்று பில்லியன் பவுணுக்கு விற்றது. அடுத்த மூன்று பருவங்களுக்கு ஐந்து பில்லியனுக்கும் மேல். 2016-17இல் கடைசி இடத்தில் வந்து வெளியேறிய சண்டர்லாந்துக்குக்கூட லீக்கில் இருந்து 90 மில்லியன் பவுணுக்கு மேல் கிடைத்தது. அப்படி வயிறு நிரம்பிய கழகம் தன்னுடைய நல்ல ஆட்டக்காரரை எதற்கு மலிவாக விற்கப்போகிறது? வாங்குகிறவரின் பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். விற்கிறவருக்கு அவசரம் இல்லாமல் போனதும் அதே அளவு விலையை ஏற்றியது என்பதுதான் என் கருத்து.

காசு கொட்டினால் கிண்ணம் வந்துவிடும் என்றும் நினைக்கவேண்டாம். பாரிஸ் கழகம் முதன்முதல் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது 2025இல். அப்போது நெய்மார், மெஸ்ஸி, எம்பாப்பே மூவரும் அங்கே இல்லை.

இனி எனக்கு மிக முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். இந்தப் பெரிய விலைகளில் ஒரு சிறு துண்டு, வீரனைச் சின்ன வயதில் வளர்த்த கழகத்துக்கு உரியது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிப்படி, ஒரு வீரன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு விலைக்குப் போகும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரிக்கப்படும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு பருவத்துக்கும் மொத்த விலையில் கால் சதவீதம். 16 முதல் அரைச் சதவீதம். 100 மில்லியன் யூரோவுக்குப் போகிற ஒருவனை 13 வயதில் ஒரே ஒரு பருவம் வைத்திருந்த கழகத்துக்கு இரண்டரை இலட்சம் யூரோ. ஆனால் அவன் அந்தக் கழகத்தில் பதிவு செய்யப்பட்டிருந்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

எங்கள் மைதானங்களில் எத்தனை கழகங்களில் அந்தப் பதிவு இருக்கிறது? கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று எங்கும் பந்து உருள்கிறது. கழகம் நடத்துகிற அண்ணன்மாரிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு கொப்பி போடுங்கள். பெயர், பிறந்த திகதி, சேர்ந்த நாள், விலகிய நாள், அவ்வளவுதான். உதைபந்தாட்டச் சங்கத்திலும் முறையாகப் பதியுங்கள்.

அந்தப் பொடியனுக்கு 13 வயது. இடது காலால் நன்றாக அடிப்பான். கொப்பியின் முதல் பக்கத்தில் அவன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழின் பிரதியை நாளைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.