பர்மாவில் செல்லாமல் போன நோட்டுகள்

எல்லோருக்கும் வணக்கம். இராணுவ ஆட்சி என்றதும் துப்பாக்கியும் ஊரடங்கும்தான் நம் நினைவுக்கு வரும். நான் பணத்திலிருந்து தொடங்குகிறேன்.

1987 செப்டம்பர் 5. பர்மாவை, அதாவது இன்றைய மியான்மரை, ஆண்ட ஜெனரல் நே வின்னின் அரசு 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. மாற்றிக்கொள்ள அவகாசம் இல்லை, ஈடும் இல்லை. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் அன்றே வெறும் காகிதமானது. பிறகு வந்த புது நோட்டுகள் 45, 90. இரண்டுமே ஒன்பதால் வகுபடுபவை. ஒன்பது அவருக்கு ராசியான எண் என்பார்கள். எதிர்த்துக் கேட்க வேறொரு கட்சி கிடையாது. இருந்த ஒரே கட்சி அவருடையது. ரங்கூன் மாணவர்கள் அன்றைக்கே தெருவுக்கு வந்தார்கள். மறு ஆண்டு 8-8-88 அன்று நாடே எழுந்ததற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. அதே 1987 டிசம்பரில் ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது. மண் கெட்டுவிடவில்லை. 1962-இல் ஆட்சியைப் பிடித்த நே வின்னின் இராணுவத்தினர், சோஷலிசம் என்று சொல்லி, நெல்லுக்கு அடிமாட்டு விலை வைத்து, அரசுக்கே விற்க வேண்டும் என்றார்கள். கட்டுப்படியாகாத விலைக்கு யார் கூடுதலாக விளைவிப்பார்? விளைந்ததிலும் ஒரு பகுதி கள்ளச்சந்தைக்குப் போனது.

இங்கே நம்மவர்கள் கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1930-களின் பெருமந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலங்கள், கடன் கொடுத்திருந்த செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால்பங்கு அப்படிப் போனது. அந்தக் கசப்பு இராணுவத்துக்கு வசதியாக இருந்தது. 1963-இல் வங்கிகள், 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் அவர்கள் போட்ட கடைகள்தான். அவர்கள் இழந்ததும் உண்மை, பர்மிய விவசாயி இழந்ததும் உண்மை.

சரி, 1988-க்குப் பிறகு? சோஷலிசம் போனது, இராணுவம் போகவில்லை. 1990 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி 485 இடங்களில் 392-ஐ வென்றும் ஆட்சி தரப்படவில்லை. அதே ஆண்டு தளபதிகள் தங்களுக்கென்று ஒரு பெரிய வணிக நிறுவனத்தையே தொடங்கினார்கள். அப்புறம், யடானா என்ற கடல் வயலின் எரிவாயு தாய்லாந்துக்குப் போய் டாலர் வந்தது. சந்தையில் ஒரு டாலர் 1,000 கியாட்டைத் தொட்ட காலத்திலும் அரசின் விகிதம் ஆறு கியாட்தான். அந்த விகிதத்தில் வரவு வைத்தால், கோடிக்கணக்கான வருமானம் பட்ஜெட்டில் சில்லறையாகத்தான் தெரியும். மீதியைப் பற்றி யாரும் கணக்குக் கேட்க முடியாது. என்னைக் கேட்டால், நோட்டைச் செல்லாததாக்கியதைவிடப் பெரிய கொள்ளை இதுதான்.

2021 பிப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின், போட்ட பணத்தை எடுக்கவே மக்கள் ஏடிஎம் வாசல்களில் நீண்ட வரிசையில் நின்றார்கள். அதற்கு முன்பு ஏறத்தாழ 1,330 கியாட்டாக இருந்த டாலர், 2024 ஆகஸ்டில் வெளிச்சந்தையில் 6,000-ஐத் தாண்டியது. இந்த முறை எந்த நோட்டையும் செல்லாது என்று அறிவிக்கக்கூடத் தேவைப்படவில்லை.