கடிகாரத்தோடு தராசும் வேண்டும்: கடற்கரை ஊரில் நெடுந்தூர ஓட்டமும் காப்பி வறுவலும்

(கடலூரில், ஓட்டப் பயிற்சி எடுப்பவர்களும் வீட்டிலேயே காப்பிக்கொட்டை வறுப்பவர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ஓட்டமும் காப்பியும் சேர்ந்தே வளர்ந்த நாடு எத்தியோப்பியா. விருந்தினர் வந்தால் அவர்கள் கண்முன்னே பச்சைக் கொட்டையைச் சட்டியில் போட்டு வறுத்து, இடித்து, காப்பி வைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்ற அபேபே பிகிலாவும் அந்த மண்ணின் பிள்ளை. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, குளிர்ந்த மேட்டு நிலத்தில் இருக்கிறது. நாம் இருப்பது கடலோரம். அங்கே ஓடுகிறவர்கள் போட்ட பயிற்சி அட்டவணையையும், வறண்ட ஊர்க்காரர் எழுதிய வறுவல் நேரத்தையும் அப்படியே எடுத்து வந்தால், கடலூரிலும் புதுச்சேரியிலும் இரண்டுமே சொதப்பும். காரணம், நம் காற்றில் இருக்கும் ஈரம்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் 600. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். ஆவியானால் என்பதுதான் இங்கே நிபந்தனை. முழங்கையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை எந்த வெப்பத்தையும் எடுத்துச் செல்வதில்லை. வெறுமனே தண்ணீரும் உப்பும் நட்டம்.

தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ புதுச்சேரி பீச் ரோட்டிலோ விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடுகிறவர்கள், "வெயில் இல்லையே, ஏன் இப்படி ஊற்றுகிறது?" என்று கேட்பதுண்டு. வெப்பநிலை குறைவாக இருக்கும் அந்த நேரத்தில்தான் காற்றின் ஈரப்பதம் நாளின் உச்சத்தை ஒட்டி இருக்கும். காற்றும் அசையாது. அதற்காக எட்டு மணிக்குக் கிளம்புங்கள் என்று சொல்ல மாட்டேன். வெயில் ஏறினால் நிலைமை இன்னும் மோசம். விடியற்காலையே ஓடுங்கள், ஆனால் கைக்கடிகாரம் காட்டும் பேஸை, அதாவது கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தை, பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். செல்போனில் வானிலை பார்க்கும்போது ஈரப்பத சதவீதத்தைவிடப் பனிப்புள்ளியை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, பாருங்கள். அது 24, 25 டிகிரிக்கு மேல் இருந்தால் ஈஸி ரன்னில், அதாவது நிதான ஓட்டத்தில், கிலோமீட்டருக்கு அரை நிமிடமாவது கூடுதலாகக் கொடுங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சிரைக்காமல் பேச முடிகிறதா என்பதே சரியான அளவு. வெயிலுக்கும் ஈரத்துக்கும் உடம்பு பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். ஏசி அறையில் டிரெட்மில்லில் பழகிவிட்டு நேரே லாங் ரன்னுக்கு வருகிறவர்கள் பாதியில் நிற்பது இதனால்தான்.

இங்கேதான் தராசு வருகிறது. ஓடுவதற்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். 62.0 கிலோ என்று வையுங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, வியர்வையைத் துடைத்துவிட்டு, மறுபடி பாருங்கள். 60.8. நடுவில் 300 மில்லி தண்ணீர் குடித்திருந்தால், நீங்கள் இழந்த வியர்வை ஒன்றரை லிட்டர். இது உங்களுக்கே உரிய எண். பக்கத்தில் ஓடுபவருக்கு 900 மில்லியாக இருக்கலாம். மாதம் ஒரு முறை இப்படிப் பார்த்துக் குறித்து வைத்தால், எவ்வளவு குடிக்க வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டாம். இழந்தது அத்தனையையும் ஓடும்போதே நிரப்ப வயிறு விடாது, அது தேவையும் இல்லை. எடை இழப்பு இரண்டு சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எடை கூடியிருந்தால்? அதுதான் ஆபத்து. ஓடி முடித்தபின் எடை ஏறியிருக்கிறது என்றால் வெறும் தண்ணீரை அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று ஆரம்பித்து உயிருக்கே கேடாகலாம். ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவுக்குச் சோடியம் போகிறது, ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். கறுப்பு பனியனில் வெள்ளைக் கோடு படிகிறவர்கள் உப்பை அதிகம் இழப்பவர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு ஓஆர்எஸ் பாக்கெட் நல்லது. ஓடி முடித்தபின் ஒரு லிட்டர் நீர்மோரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் குடித்தாலும் போதும்.

ஓடும் ஒருவர் தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, அதை வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். 108க்கு ஒருவர் பேசட்டும். மற்றவர்கள் அதே நொடியில் தண்ணீரை வாரி உடம்பு முழுக்க ஊற்றி விசிறத் தொடங்குங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். வண்டி வரட்டும் என்று காத்திருக்கும் நிமிடங்களில்தான் கேடு நடக்கிறது.

இனி அடுப்படிக்கு வருவோம். ஏற்காட்டுக் கொட்டையோ குடகுக் கொட்டையோ, பச்சையாக வாங்கும்போது அதில் பத்து முதல் பன்னிரண்டு சதவீதம் ஈரம் இருக்கும். சாக்குப் பையில் கட்டி வைத்தால் நம் ஊரின் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மேற்குக் கடற்கரையில் பருவக்காற்றில் வேண்டுமென்றே கொட்டையைப் பரப்பி ஊதவைத்து, 'மான்சூன்ட் மலபார்' என்று விற்கிறார்கள். அது கண்காணிப்போடு நடக்கும் வேலை; நம் பரணில் தானாக நடப்பது பூஞ்சணத்தில் முடியும். ஆகவே காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், டப்பாவின் மேல் எடையை எழுதுங்கள். ஒரு கிலோ கொட்டையில் 11 சதவீதம் ஈரம் என்றால் 110 கிராம் தண்ணீர். இரண்டு மாதம் கழித்து அது 1,020 கிராம் காட்டினால் தண்ணீர் 130 கிராம் ஆகிவிட்டது, ஈரம் ஏறக்குறைய 13 சதவீதம். ஈரம் அளக்கும் கருவி இல்லாமலே தெரிந்துவிடும்.

வறுக்க அடி கனமான இரும்பு வாணலி, நீளமான மரக்கரண்டி, ஆற்றுவதற்கு முறமோ பெரிய சல்லடையோ போதும். ஒரு தடவைக்கு 250 கிராம். அதற்கு மேல் போட்டால் அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது வேகாது. வாணலியை மிதமாகக் காயவைத்துக் கொட்டையைப் போட்டதும் கை ஓயக் கூடாது. நாலைந்து நிமிடத்தில் பச்சை போய் மஞ்சளாகும். வைக்கோல் வாசனை வரும். பிறகு பழுப்பேறி, ரொட்டி சுடும் வாசனை. ஒன்பது முதல் பதினோரு நிமிடத்துக்குள் படபடவென்று முதல் வெடிப்பு கேட்கும். கொட்டையின் உள்ளே ஆவியும் வாயுவும் முட்டி அது பிளக்கும் சத்தம். வெடிப்புக்குச் சற்று முன்பே தீயைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். வெடிக்கத் தொடங்கியபின் வாணலியில் சேர்ந்திருக்கும் சூடே கொட்டையைத் தள்ளிக்கொண்டு போகும். அப்போது தீயைக் குறைத்தாலும் உடனே பலன் தெரியாது. ஃபில்டர் காப்பிக்கு வெடிப்பு தொடங்கி இரண்டு, இரண்டரை நிமிடத்தில் இறக்கலாம். இரண்டாம் வெடிப்பு, மெல்லிய சடசடப்பு, கேட்கும்வரை விட்டால் எண்ணெய் மேலே வரும், கசப்பு முந்தும்.

இறக்கியதும் மூன்று நான்கு நிமிடத்துக்குள் ஆற வேண்டும். முறத்தில் புடைத்தால் உமியும் பறக்கும், சூடும் இறங்கும். வாணலியிலேயே விட்டால் உள்சூட்டில் மேலும் வறுபடும்.

எடை இங்கேயும் பேசும். 250 கிராம் போட்டு 212 எடுத்தால் இழப்பு 15 சதவீதத்துக்குச் சற்று மேல். ஃபில்டருக்கு நல்ல நடுத்தர வறுவல். 13க்குக் கீழே என்றால் புளிப்பும் பச்சை வாசனையும் நிற்கும். 18ஐத் தாண்டினால் கருவறுவல். ஆனால் மழைக்காலத்தில் இந்தக் கணக்கைத் திருத்த வேண்டும். 13 சதவீத ஈரமுள்ள கொட்டை அதே நிறத்துக்கு வர, கூடுதலாக இரண்டு சதவீதம் இழக்கும். முந்தைய மாதத்து எண்ணையே குறி வைத்தால் காப்பி அரைவேக்காடாகிவிடும். தொடக்கத்தில் கூடுதல் தண்ணீரை விரட்ட வேண்டியிருப்பதால் மஞ்சளாகவும் தாமதமாகும். பொறுமையில்லாமல் தீயை ஏற்றினால் தட்டையான பக்கத்தில் கரும்புள்ளி விழும், உள்ளே பச்சை நிற்கும். பயந்து சிறு தீயிலேயே இருபது நிமிடம் இழுத்தால் புள்ளி விழாது, ஆனால் மணமே இல்லாத சப்பைக் காப்பி கிடைக்கும். இரண்டாவது பிழையைக் கண்ணால் பிடிக்க முடியாது, நாக்குதான் சொல்லும். பழத்துக்கு ஒரே கொட்டையாக விளையும் பீபெரி உருண்டையாக இருப்பதால் வாணலியில் தானே உருளும். வறுக்கப் புதிதாகப் பழகுகிறவர்கள் அதில் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். பிளாண்டேஷன் ஏ என்ற தரம் தட்டைக் கொட்டை, அடியில் படுத்துக்கொள்ளும். அரேபிகா, ரோபஸ்டா என்று காப்பியில் இரண்டு வகை. ரோபஸ்டாவைத் தனியாக வறுத்துப் பிறகு அரேபிகாவோடு கலக்குங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வேகாது.

வறுத்த கொட்டையில் ஈரம் ஓரிரண்டு சதவீதம்தான் மிஞ்சும், ஆகவே நம் காற்றைத் தாகத்தோடு இழுக்கும். ஒரு நாள் விட்டு, வாயு அடங்கியபின், வேண்டிய அளவு மட்டும் அரையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து உடனே டப்பாவைத் திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

ஓட்டக்காரருக்குக் காப்பி எவ்வளவு? உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் கஃபீன், ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. பலருக்கு இதுவே போதும். 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம். 2004 முதல் கஃபீன் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. அரேபிகாவில் கஃபீன் ஏறக்குறைய 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் இரண்டுக்கு மேல், சிக்கரியில் சுத்தமாகக் கிடையாது. 10 கிராம் தனி அரேபிகாத் தூளில் 120 மில்லிகிராம் இருக்கும். முப்பது சதவீதம் சிக்கரி கலந்த தூள் என்றால் 84தான், அதிலும் டிகாக்‌ஷனில் இறங்குவது கொஞ்சம் குறைவு. போட்டி நாள் காலையில் பால் சேர்க்காமல் குடிப்பது வயிற்றுக்கு நல்லது, அதையும் முன்பே ஒரு லாங் ரன்னில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பெண்கள், சைவ உணவுக்காரர்கள் கொஞ்சம் கவனியுங்கள். சாப்பாட்டோடு காப்பி குடித்தால் கீரை, பருப்பிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு எளிதில் வரும். சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாலை ஐந்து மணிக்குக் குடித்த காப்பியில் பாதிக் கஃபீன் இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். நாலு மணிக்கு எழ வேண்டியவருக்கு அது தூக்கத்தைத் தின்றுவிடும். வறுத்ததைச் சுவைத்துப் பார்ப்பதை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

மேஜையில் மூன்று தட்டு வைத்திருக்கிறோம். முதல் தட்டில் பெருந்தீயில் வறுத்தது, இரண்டாவதில் இருபது நிமிடம் இழுத்தது, மூன்றாவதில் பதினொன்றரை நிமிடத்தில் இறக்கியது. ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டையை இரண்டாக உடைத்து உள்நிறத்தையும் வெளிநிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு கடித்துப் பாருங்கள். பக்கத்திலேயே எடை மெஷினும் இருக்கிறது. நாளைக் காலை ஓட வருகிறவர்கள் கிளம்புமுன் அதில் ஏறி, எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.