அவருக்கு என்ன பிடிக்காது?

(தாயை இழந்தவர்களின் நினைவுக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

தாயைப் பற்றிப் பேச மேடை ஏறுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. யோசிக்கவே வேண்டாம். தியாகம், பொறுமை, தெய்வம் என்று மூன்று சொற்கள் கைவசம் இருந்தால் அரை மணி நேரத்தை ஓட்டிவிடலாம். கூட்டமும் கண் கலங்கும். ஆனால் ஆள் மாறினாலும் அந்தப் பேச்சை மாற்ற வேண்டியிருக்காது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்களை விட்டுப் போனவர் ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு தாய் இல்லையே.

அன்னையர் தினம் என்று ஒன்று கொண்டாடுகிறோம். அதற்காகப் பாடுபட்டவர் அன்னா ஜார்விஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1905 மே 9 அன்று அவருடைய தாய் இறந்தார். 1908 மே மாதம், மேற்கு வர்ஜீனியாவில் தாய்க்கு நெருக்கமாக இருந்த தேவாலயத்தில் ஒரு நினைவு வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார் மகள். தாய்க்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூக்களில் 500ஐ அங்கே அனுப்பிவைத்தார். 1914இல் அது நாடு முழுவதற்குமான நாளாக அறிவிக்கப்பட்டது.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்துக்குப் போதும். அப்புறம் நடந்ததுதான் நமக்கு வேண்டியது. பூ வியாபாரிகளும் வாழ்த்து அட்டைக் கம்பெனிகளும் அந்த நாளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அச்சடித்த அட்டையை வாங்கி அனுப்புவது சோம்பேறித்தனம் என்று ஜார்விஸ் சண்டை போட்டார். வழக்குத் தொடுப்பேன் என்று மிரட்டினார். கடைசிக் காலத்தில், தான் கொண்டுவந்த நாளையே ரத்து செய்யச் சொல்லி வீடு வீடாகப் போய்க் கையெழுத்துக் கேட்டார். அவர் கேட்டது ஒவ்வொருவரும் தன் தாயை நினைக்க ஒரு நாள். கிடைத்ததோ உலகத் தாய்மாரை மொத்தமாகப் போற்றும் நாள். பிடிவாதக்காரர்தான், ஆனால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

இன்னொருவர், பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த். வாழ்நாளின் பெரும்பகுதியைத் தாயோடு கழித்தவர். 1977 அக்டோபர் 25 அன்று தாய் இறந்தார். மறுநாளே துண்டுச் சீட்டுகளில் துக்கத்தை எழுதத் தொடங்கிவிட்டார். பிறகு பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு தேடினார். படங்களில் முகம் இருந்தது, அம்மா இல்லை. கடைசியில் ஒரு படத்தில் கண்டுகொண்டார். அதில் தாய்க்கு ஐந்து வயது! மகன் பார்த்தே இராத வயது. 1980இல் வெளிவந்த தன் நூலில் அந்தப் படத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவர், படத்தை மட்டும் அச்சிடவில்லை. நமக்கு அது யாரோ ஒரு சிறுமியின் பழைய படம், அவ்வளவுதானே.

அந்த ஐந்து வயதுச் சிறுமியைத்தான் நாம் தேடுவதே இல்லை. நாம் பிறப்பதற்கு முன்பே அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. தோழிகள் இருந்தார்கள். வகுப்பில் முதலாவதாக வந்திருக்கலாம், இல்லை வகுப்பைவிட்டு ஓடியிருக்கலாம். 'அம்மா' என்ற பெயரை நாம்தான் வைத்தோம். அதற்கு முன் அவருக்கு இருந்த பெயர், வயதாக ஆகக் கூப்பிட ஆளில்லாமல் படிவங்களில் மட்டும் மிஞ்சுகிறது. அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாராவது இன்னும் இருந்தால், தாமதிக்காமல் போய்ப் பாருங்கள். அவர்களுக்கும் வயதாகிறது.

அப்புறம், கூடப்பிறந்தவர்கள். ஒரே தாய்க்குப் பிறந்திருந்தாலும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அம்மாதான் நினைவில் இருப்பார். மூத்தவருக்கு வாய்த்தவர், பிள்ளை வளர்க்கத் தெரியாமல் பயந்துகொண்டிருந்த இளம்பெண். கடைக்குட்டிக்கு வாய்த்தவர் எல்லாம் பார்த்து முடித்து, "சரி, போ" என்று விட்டுவிடக் கற்றுக்கொண்டவர். 'நீ சொல்வது தப்பு, அம்மா அப்படிச் செய்யவே மாட்டார்' என்று சண்டை வரும். வரட்டும். இரண்டு பேருமே சரியாக இருக்கலாம்.

நோயில் கிடந்த தாயைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கு வேறொரு சிக்கல். கண்ணை மூடினால் அந்தக் கடைசி மாதங்கள்தான் வரும். மருந்து, மூச்சுத்திணறல், மெலிந்த கை. நல்ல காலத்து முகம் வரவே வராது. தன் அன்பில்தான் ஏதோ குறை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. அண்மையில் பட்ட அடி முந்திக்கொண்டு நிற்கிறது, பழைய முகம் திரும்பி வரச் சற்றுக் காலம் பிடிக்கும்.

குரல் விஷயம் வேறு. அது முகத்தைவிடச் சீக்கிரம் நழுவிவிட்டதாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் பேசி அனுப்பிய பதிவு போனில் ஏதாவது இருந்தால், இன்று இரவே இன்னொரு இடத்திலும் சேமித்து வையுங்கள். 'வரும்போது சாவியை எடுத்துக்கொண்டு வா' என்பது போன்ற ஒன்றுமில்லாத பேச்சாக இருந்தாலும் சரி. எல்லாவற்றையும் துறந்ததாகச் சொல்லப்படும் பட்டினத்தாரே, தாய் இறந்தபோது பாடிய பாட்டில், தேனே, அமிர்தமே என்று தன்னைக் கொஞ்சி அழைத்த வாயைத்தான் நினைத்துக்கொள்கிறார்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. தாயோடு ஒத்துப்போகாதவர்களும் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். பேசாமல் இருந்த வருடங்கள் இருக்கும். இங்கே வந்துவிட்டோம் என்பதற்காக அதை மறைத்துப் புகழ வேண்டியதில்லை. அவர் எதற்குக் கோபப்படுவார், யாரைக் கண்டால் ஆகாது, எந்தப் பொய்யைக் கூசாமல் சொல்வார், அவருக்கு என்ன பிடிக்காது, இதையெல்லாம் சொன்னால் அவர் ஒன்றும் சிறுத்துப்போய்விட மாட்டார்.

நான் பேசியது போதும். ஒவ்வொருவராக மேடைக்கு வாருங்கள். வந்ததும் முதலில் பெயரைச் சொல்லுங்கள்; உங்கள் பெயரை இல்லை, அவருடைய பெயரை.