சிறைக்கதவு திறக்கும் தேதி யாருக்குத் தெரிய வேண்டும்?

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோவில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தாய்மார்களே, வேலை முடிந்த கையோடு தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்கும் ஐயாமார்களே, வணக்கம்.

நான் வழக்கறிஞர் இல்லை. நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கைதிகளை முன்கூட்டியே விடக் கூடாது என்று பேச நான் வரவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கைதட்டத் தயாராக வந்த சிலர் முன்வரிசையில் தெரிகிறார்கள். உள்ளே இருப்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. திருந்தியவன் சீக்கிரம் வீட்டுக்கு வரட்டும். ஆனால் அவன் வருகிற தேதி, அவனால் அடிபட்ட வீட்டுக்கும் தெரிய வேண்டும். நான் பேச வந்தது இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறுமிக்குக் கெடுதல் செய்தவனுக்கு நீதிபதி 9 ஆண்டு என்கிறார். சிறுமிக்கு அப்போது 14 வயது. அவன் வெளியே வரும்போது இவளுக்கு 23 ஆகியிருக்கும், அதற்குள் படிப்பை முடித்து வேறு ஊருக்குப் போயிருப்பாள் என்று அம்மா மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொள்கிறாள். சிறைச்சாலையில் போடுகிற கணக்கு வேறு. 2000ஆம் ஆண்டு சிறைச்சாலை விதிமுறைகளின்படி, ஒழுங்காக நடந்துகொண்டால் மூன்றில் ஒரு பங்கு கழியும். 9 இப்போது 6. பல வழக்குகளில் தண்டனையைக் கைதான நாளிலிருந்தே எண்ணச் சொல்வார்கள். ஜாமீன் இல்லாமல் வழக்கு 2 ஆண்டு இழுத்திருந்தால் அதுவும் கழிந்துவிடும். மீதி 4. பெண் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து, இதே ஊரில் அடுத்த படிப்பான ஃபார்ம் சிக்ஸ் போய்க்கொண்டிருப்பாள். இதில் முறைகேடு ஒன்றும் இல்லை, எல்லாம் சட்டப்படிதான். ஆனால் நீதிமன்ற வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அந்த அம்மாவிடம், “9 என்றால் முழுசாக 9 இல்லையம்மா” என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. நானும் தீர்ப்பை மொழிபெயர்ப்பேன், அடுத்த வழக்கைக் கூப்பிடுவார்கள்.

இது ஒரு வழிதான். 2008இல் வந்த பரோல் இருக்கிறது, அதாவது தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு வெளியே விடுவது. ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், பாதியை முடித்தபின் பரோல் வாரியத்தின் முன் போகலாம். எல்லாக் குற்றங்களுக்கும் அது கிடையாது. லைசென்ஸின் பேரில், அதாவது நிபந்தனைகள் கொண்ட அனுமதியின் பேரில், விடுவிப்பது உண்டு. மாமன்னர் அல்லது சுல்தான் தலைமையில் கூடும் மன்னிப்பு வாரியம் உண்டு. அப்புறம் 2023இல் கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே தூக்குத் தண்டனை பெற்றிருந்தவர்களும் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் மறுபரிசீலனை கேட்கலாம் என்று ஆனது. பலருக்கு அது 30 முதல் 40 ஆண்டுச் சிறையாக மாறியது. நான் அதை வரவேற்றவள். ஆனாலும், கொலையுண்டவரின் வீட்டில் “வழக்கு முடிந்தது” என்று ஃபைலைக் கட்டிப் பரண்மேல் போட்டவர்களும் இருக்கிறார்களே.

பெரிய நகரத்தில் என்றால் இரண்டு வீடும் கண்ணில் படாமலே காலத்தை ஓட்டிவிடலாம். நம் ஊர் அப்படியா? ஒரே மார்க்கெட், ஒரே கோவில், ஒரே கிளினிக். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, தம்பியை வெட்டியவன் வெளியே வந்துவிட்டான் என்பதை மீன் கடையில்தான் தெரிந்துகொண்டார். கெம்போங் மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தால், எதிர்ப்பக்கம் அவன் அதே கூடையிலிருந்து மீன் பொறுக்குகிறான். அவன் எதுவும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். இவர் பையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்திருக்கிறார். ஸ்கூட்டர் அங்கேயே நின்றது; சாயங்காலம் மகன் போய் எடுத்து வந்தான். அந்த ஆள் திருந்தியிருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஒரு வாரம் முன்னால் ஒரு போன் வந்திருந்தால், அந்த அம்மா அன்றைக்கு மார்க்கெட்டுக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

“சொன்னால் பழிவாங்கக் காத்திருப்பார்களே” என்பார்கள். இந்த ஊரில் எந்தச் செய்தி மறைந்திருக்கிறது? பஸ்ஸை விட்டு இறங்கின அன்றைக்கே காப்பிக் கடையில் தெரிந்துவிடும், அதுவும் கை கால் முளைத்து. சண்டை அங்கேதான் தொடங்குகிறது. “இவர்கள் வீட்டுப் பக்கம் போகக் கூடாது” என்ற நிபந்தனையோடு அதிகாரியே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், விடுதலையானவனுக்கும் அது பாதுகாப்பு.

சட்டம் நமக்கு ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல மாட்டேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107ஏ பிரிவு இருக்கிறது. போலீஸில் புகார் கொடுத்தவர், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். புகார் கொடுத்து 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். கேட்ட 2 வாரத்துக்குள் பதில் வர வேண்டும். 183ஏ பிரிவின்படி, தண்டனை சொல்லும் முன் தனக்கு நேர்ந்த பாதிப்பைப் பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தாரோ நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லலாம். நல்ல பிரிவுகள். ஆனால் ஒன்று விசாரணையோடு நின்றுவிடுகிறது, மற்றது தீர்ப்போடு நின்றுவிடுகிறது. சிறை வாசல் வரைக்கும் இரண்டுமே வருவதில்லை.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் 1993 டிசம்பரில் ஒரு பெண்ணை முன்னாள் காதலன் சுட்டுக் கொன்றான். அன்று அவளுக்கு 21ஆவது பிறந்தநாள். அவளைத் தாக்கிய வழக்கில் உள்ளே இருந்தவன் ஜாமீனில் வந்துவிட்டான். அது அவளுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே அங்கே ‘வைன்’ என்று ஒரு ஏற்பாடு தொடங்கியது. பதிவு செய்துகொண்டால், கைதி வெளியே வரும்போது தானாகவே போன் அடிக்கும். இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பதிவுதான். சிலர் “அவன் பேரே என் காதில் விழ வேண்டாம்” என்பார்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

ஏற்பாடு இருந்தாலும் கோட்டை விடுகிறார்கள். இங்கிலாந்தில் சிறைகள் நிரம்பி வழிந்ததால், 2024 செப்டம்பர் 10ஆம் தேதி, தண்டனையில் 40 விழுக்காடு முடித்த சுமார் 1,700 பேரை ஒரே நாளில் விட்டார்கள். அதில் 37 பேர் தவறுதலாக வெளியே வந்தவர்கள். என்ன குற்றம் தெரியுமா? ‘இன்னாரை நெருங்காதே’ என்ற நீதிமன்ற உத்தரவை மீறியது! இந்தக் குற்றம் செய்தவர்களை அப்படி முன்கூட்டி விடக் கூடாது; பழைய சட்டப் பிரிவில் பதிவாகியிருந்ததால் அது கவனத்துக்கு வரவில்லை. அங்கே பாதிக்கப்பட்டவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் திட்டமும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் 12 மாதமும் அதற்கு மேலும் தண்டனை கிடைத்த வன்முறை, பாலியல் வழக்குகளுக்குத்தான். 6 மாதம் பெற்றவனிடம் அடிவாங்கியவளுக்கு வலி குறைச்சலா?

இனி நம் பக்கத்துச் சிக்கல். நாளைக்கே அரசாங்கம் கடிதம் அனுப்பத் தயார் என்றாலும், எந்த முகவரிக்கு அனுப்பும்? போலீஸ் ரிப்போர்ட்டில் இருப்பது தோட்டத்து லயத்து முகவரி, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு முகவரி. தோட்டத்தை விற்றார்கள், லயத்தை உடைத்தார்கள், சனம் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறிப் போனது. சாட்சிக்கு அனுப்பிய சம்மன், ‘வீடு இடிக்கப்பட்டுவிட்டது’ என்று பின்பக்கம் எழுதித் திரும்பி வந்ததை நானே கையில் பிடித்திருக்கிறேன். போன் நம்பரோ, பிரீபெய்ட் சிம் மாற மாற அதுவும் மாறிவிடும்.

அதனால் நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ரிப்போர்ட் நகலைப் பிளாஸ்டிக் உறையில் ஐசி (அடையாள அட்டை) நகலோடு சேர்த்து வையுங்கள். ரிப்போர்ட் எண் இல்லாமல் எந்தக் கவுன்டரிலும் பேச்சு நகராது. வீடு மாறினால், நம்பர் மாறினால், விசாரணை அதிகாரிக்கும் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தீர்ப்பன்றைக்கே “தண்டனை எந்தத் தேதியிலிருந்து?” என்று கேளுங்கள். அதன்பின் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். வீட்டுக்குள்ளேயே அடிக்கிறவன் திரும்பி வருகிறான் என்றால், சமூகநல அதிகாரியிடம் அவசரப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அது 7 நாள் நிற்கும், அதற்குள் அடுத்த உத்தரவுக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999.

வெளியே மேசையில் தங்கச்சிமார் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கடிதத்தை மலாயில் எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்களே எழுதித் தருவார்கள், காசு வேண்டாம். ரிப்போர்ட் நகல் கொண்டு வந்தவர்கள் முதலில் போங்கள்.